கடலுக்குக் காவல் யார்? கடற்கரை, துறைமுகப் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1914 செப்டம்பர் 22 இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு நேரே வந்து நின்று குண்டு வீசியது. துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. நகரத்து விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்ததால் குறி பார்க்க அதற்குச் சிரமமே இருக்கவில்லை. குண்டு விழுந்த பிறகுதான் கப்பல் வந்திருப்பதே கரைக்குத் தெரிந்தது. எமகாதகனை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கு அப்படித்தான் தமிழில் ஒட்டிக்கொண்டது. கடலில் வருவது யார் என்பதைக் கரை எப்படி முன்கூட்டியே அறிந்துகொள்வது என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. இதைப் பற்றி என்னிடம் பலரும் கேட்டவற்றுக்கு, இந்தியக் கடற்கரையை, குறிப்பாகத் தமிழகக் கடற்கரையை முன்வைத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

இந்தியக் கடற்கரையின் நீளம் எவ்வளவு? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்களே?

பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது 7,516 கிலோமீட்டர். புதிய அளவீட்டின்படி 11,098 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். கடற்கரை ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. பழைய கணக்கு 1970-களில் சிறிய அளவு வரைபடத்தை வைத்துப் போட்டது. இப்போது நுணுக்கமான வரைபடத்தில் ஒவ்வொரு முகத்துவாரத்தையும் கழியையும் வளைவையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். தமிழகத்தின் கடற்கரை 907 கிலோமீட்டரிலிருந்து 1,069 கிலோமீட்டரானது. குஜராத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. காவலுக்கு நிற்பவர்களுக்கு இது வெறும் புள்ளிவிவரமல்ல. வரைபடத்தில் விட்டுப்போன அந்தக் கழிகளிலும் ஓடைகளிலும்தான் இரவில் படகு ஒதுங்கும்.

கடலில் நம் எல்லை எதுவரை?

கரையோர அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை ஆட்சிக் கடல். அங்கே நாட்டின் இறையாண்மை முழுமையாகச் செல்லும். 24 கடல் மைல் வரை அடுத்துள்ள மண்டலம். சுங்கம், குடியேற்றம், பாதுகாப்பு தொடர்பான அதிகாரங்கள் அங்கே உண்டு. 200 கடல் மைல் வரை தனியுரிமைப் பொருளாதார மண்டலம். மீனும் எண்ணெயும் நமக்கு, கப்பல் போக்குவரத்து எல்லோருக்கும். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த எல்லைகளை வகுத்தது. இவற்றில் எந்தக் கோட்டையும் தண்ணீரில் பார்க்க முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எந்த இடத்தில் யார் காவல்?

மூன்று அடுக்கு என்பார்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலங்களின் கடலோரக் காவல் நிலையங்கள். அதற்கப்பால் இந்தியக் கடலோரக் காவல்படை. ஆழ்கடலில் கடற்படை. நடைமுறையில் இந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன. 2009-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்புக்கும் பொறுப்பு கடற்படை. ஆட்சிக் கடலின் கரையோரப் பாதுகாப்பை, மாநிலப் போலீசார் ரோந்து செல்லும் பகுதி உட்பட, ஒருங்கிணைக்க வேண்டியது கடலோரக் காவல்படை.

இவர்களைத் தவிர, குஜராத்தின் சதுப்பு ஓடைகளிலும் சுந்தரவனத்திலும் எல்லைப் பாதுகாப்புப் படையின் நீர்ப் பிரிவு இருக்கிறது. கடத்தலுக்குச் சுங்கத் துறையும் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு வனத்துறை. படகுப் பதிவுக்கு மீன்வளத்துறை.

பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'கடலோரக் காவல்படை' ஒன்றிய அரசின் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் வருவது. 1977-இல் தொடங்கி 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. 'கடலோரப் பாதுகாப்புக் குழுமம்' தமிழகக் காவல்துறையின் ஒரு பிரிவு. ஊரில் மெரைன் போலீஸ் என்பார்கள்.

இத்தனை துறைகள் எதற்கு? ஒரே படையிடம் ஒப்படைத்தால் என்ன?

கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பிரிவினை அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. காவல்துறை மாநிலப் பட்டியலில் வருகிறது. பெருந்துறைமுகங்கள் ஒன்றியப் பட்டியலில், மற்றத் துறைமுகங்கள் பொதுப் பட்டியலில். மீன்பிடித்தல்கூட ஆட்சிக் கடலுக்குள் மாநிலத்தின் பொறுப்பு, அதைத் தாண்டினால் ஒன்றியத்தின் பொறுப்பு. ஒரே படகு ஒரே நாளில் இரண்டு அரசுகளின் பொறுப்பில் மாறி மாறி மிதக்கிறது!

வேலையும் வேறுவேறு. போர்க்கப்பலால் முழங்கால் தண்ணீருக்கு வர முடியாது. மெரைன் போலீசின் சிறு படகால் ஐப்பசிக் கடலில் 100 கடல் மைல் போக முடியாது. கடலில் பிடித்தவரைக் கரைக்குக் கொண்டுவந்து வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் நிறுத்த, கடைசியில் ஒரு காவல் நிலையமோ சுங்க அலுவலகமோ வேண்டும். ஆகவே துறைகளைக் குறைப்பதைவிட அவற்றைப் பேசவைப்பதுதான் முக்கியம் என்பது என் துணிபு. அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு தேசியக் குழு 2009 முதல் இருக்கிறது. 2022-இல் தேசியக் கடல்சார் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பதவி உருவாகி, ஓய்வுபெற்ற துணை அட்மிரல் ஜி. அசோக் குமார் முதலாவதாக அமர்ந்தார்.

இந்த ஏற்பாடெல்லாம் எப்போது வந்தது?

அடிபட்ட பிறகுதான். 1993-இல் மும்பைக் குண்டுவெடிப்புகளுக்கான வெடிமருந்து மராட்டியத்தின் ராய்கட் மாவட்டக் கடற்கரையில், திகி, சேகாடி என்ற சிறு இடங்களில் இறங்கியது. மார்ச் 12 அன்று நடந்த தொடர் வெடிப்புகளில் 257 பேர் மாண்டார்கள். சுங்க அதிகாரிகளும் காவலர்களும் சிலர் உடந்தையாக இருந்தது பின்னர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. ரேடாரைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: அன்று கடற்கரை திறந்துகிடந்தது கருவி இல்லாததால் மட்டுமல்ல.

2008 நவம்பர் 26-இல் மும்பையைத் தாக்கிய பத்துப் பயங்கரவாதிகளும் கடல் வழியாகவே வந்தார்கள். நடுக்கடலில் 'குபேர்' என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதிலிருந்த ஐந்து மீனவர்களையும் கொன்று, ரப்பர் படகில் மும்பையின் மீனவர் குடியிருப்பு ஒன்றில் கரையேறினார்கள். அங்கிருந்தவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கவும் செய்தார்கள். அந்தக் கேள்வி உரிய நேரத்தில் உரிய காதுக்குப் போய்ச் சேரவில்லை. 166 உயிர்கள் போயின. குபேர் படகின் மீனவர்களே அந்தத் தாக்குதலின் முதல் பலிகள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது எனக்குப் பொறுப்பதில்லை.

கடலோரக் காவல் நிலையங்களுக்கான திட்டம் 2005-இலேயே தொடங்கியிருந்தது. முதல் கட்டத்தில் 73 நிலையங்கள். 2011-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மேலும் 131. தமிழகம் இதில் முந்திக்கொண்டது. இலங்கைப் போரின் காரணமாக 1994-இலேயே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்துவிட்டது.

ரேடார்தான் இருக்கிறதே, அப்புறம் எப்படிப் படகுகள் தப்புகின்றன?

கலங்கரை விளக்கங்களிலும் கடலோரக் கோபுரங்களிலும் ரேடார்கள் இருக்கின்றன. முதல் கட்டத்தில் மட்டும் 46 நிலையங்கள். 36 நிலப்பகுதியில், மற்றவை இலட்சத்தீவிலும் அந்தமானிலும். அவற்றின் தகவல்கள் 2014-இல் குருகிராமில் திறக்கப்பட்ட கடற்படையின் தகவல் மையத்தில் ஒன்றுசேர்கின்றன. பெரிய கப்பல்கள் ஏஐஎஸ் கருவி மூலம் தங்கள் பெயர், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் தாமே அறிவித்துக்கொண்டே போகும். 300 டன்னுக்கு மேற்பட்ட பன்னாட்டுக் கப்பல்களுக்கு அது கட்டாயம்.

சிக்கல் சிறு படகில் இருக்கிறது. கண்ணாடியிழைப் படகும் மரப்படகும் இரும்பைப் போல ரேடாருக்குத் தெளிவாகத் தெரியாது. தெரிந்தாலும், திரையில் ஆயிரம் புள்ளிகள் இருக்கும்போது எந்தப் புள்ளி நல்லது, எது கெட்டது? நாட்டில் பதிவான மீன்பிடிப் படகுகள் 2 லட்சத்துக்கும் மேல். கருவி புள்ளியைக் காட்டும்; அது யாருடைய படகு என்பதைச் சொல்லாது.

பெரிய கப்பலே தப்பிய கதையும் உண்டு. ஓமன் கடலில் கைவிடப்பட்ட 'பவித்' என்ற சரக்குக் கப்பல், ஆளே இல்லாமல் மிதந்து மிதந்து 2011 ஜூலை 31-இல் மும்பை ஜுஹு கடற்கரையில் வந்து தரைதட்டியது. கரைக்கு வரும்வரை யாரும் அதைத் தடுக்கவில்லை. 26/11 நடந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை அப்போது.

மீன்பிடிப் படகை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

அடுத்த முறை ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் விசைப்படகின் பக்கப்பலகையை உற்றுப் பாருங்கள். நாட்டின் குறி, மாநிலக் குறி, மாவட்ட எண், விசைப்படகா இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகா என்பதற்கான எழுத்து, கடைசியில் வரிசை எண். இது படகின் முழு முகவரி. மாநிலத்துக்கு மாநிலம் வண்ணமும் வேறு. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தாலே எந்த மாநிலத்துப் படகென்று தெரிய வேண்டும் என்பதற்காக.

கடலுக்குப் போகும் முன் விசைப்படகுகள் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டை உண்டு. நான் பார்த்த ஒரு நாட்டுப்படகில் நால்வரின் அட்டைகளையும் ஒரே பாலித்தீன் பையில் போட்டு, மூன்று முடிச்சுப் போட்டு, டீசல் கேனுக்குப் பக்கத்தில் செருகிவைத்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் அட்டை எத்தனை நாள் தாங்கும் என்பது அதை வடிவமைத்தவர்கள் கடலில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டிய விஷயம்.

20 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியை 1 லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024-இல் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. காவலுக்கு மட்டுமல்ல, புயல் எச்சரிக்கை, எல்லை எச்சரிக்கை, ஆபத்துச் செய்தி எல்லாம் அதில் வரும். ஒக்கி புயலில் ஆட்களைத் தொலைத்த குமரி மாவட்டத்துக் கிராமங்களுக்கு அதன் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாக் நீரிணையில் மட்டும் ஏன் எப்போதும் சிக்கல்?

மூன்று அடுக்குக்கு அங்கே இடமே இல்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள். 1974, 1976 உடன்படிக்கைகள் வகுத்த பன்னாட்டு எல்லை பல இடங்களில் 12 கடல் மைலுக்கு உள்ளேயே வந்துவிடுகிறது. கடலும் ஆழமில்லை. பெரிய கப்பல் அங்கே பயன்படாது என்பதால்தான் மண்டபத்தில் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறது. அது தண்ணீரிலும் மணல்திட்டிலும் ஒருசேர ஓடும். உச்சிப்புளியில் கடற்படையின் 'பருந்து' விமானத் தளம் இருக்கிறது.

இங்கிருந்து கஞ்சா, பீடி இலை, கடல் அட்டை, மஞ்சள் போகின்றன. அங்கிருந்து தங்கம் வருகிறது. 2023-இல் மண்டபம் அருகே துரத்தப்பட்ட கடத்தல்காரர்கள் கடலில் வீசிய தங்கத்தை முக்குளிப்பவர்கள் அடியிலிருந்து எடுத்தார்கள். கைப்பற்றியது மொத்தம் 30 கிலோவுக்கும் மேல்.

இதே தண்ணீரில்தான் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த மக்கள், எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையால் கைதாகிப் படகை இழந்து நிற்கிறார்கள். கடத்தல்காரரையும் மீனவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் பேச்சை நான் ஏற்பதில்லை. அதே நேரம், மறுகரைத் தமிழ் மீனவர்களின் வலையை நம் இழுவைப்படகுகள் அறுக்கின்றன என்ற குறையும் உண்மை. காவலைக் கூட்டினால் தீர்ந்துவிடும் பிரச்சினை அல்ல இது.

மீனவர்களுக்கு இதில் என்ன பங்கு?

எல்லாவற்றையும்விடப் பெரிய பங்கு. எந்த ரோந்துக் கப்பலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மீனவர் தினமும் அதே கடலில் நிற்கிறார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த ஊர்ப் படகென்று சொல்லிவிடுவார். வலை இல்லாமல் ஒரு படகு போனால், நீரோட்டத்துக்குப் பொருந்தாத இடத்தில் ஒன்று நங்கூரம் போட்டால், வருகிறவரின் கை கயிறு பிடித்துப் பழகாத கையாக இருந்தால், அவர் கண்ணுக்கு உடனே தட்டுப்படும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். அப்போது வெளியே ஒரு விசைப்படகு தெரிந்தால் ஊரே பார்க்கும்.

இதை உணர்ந்துதான் தமிழகத்தில் மீனவ இளைஞர்களைக் கடலோர ஊர்க்காவல் படையில் சேர்க்கிறார்கள். ஆனால் தகவல் சொல்ல வந்தவரையே உட்காரவைத்து நாள் முழுக்க விசாரித்தால் அவர் அடுத்த முறை வாயைத் திறப்பாரா? ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. தகவல் தருபவருக்கு மரியாதையும், அவர் நேரத்துக்கு மதிப்பும் கொடுக்கும் காவல் நிலையத்துக்குத்தான் செய்தி வரும்.

துறைமுகத்துக்கு உள்ளே யார் காவல்?

சென்னை, எண்ணூர் காமராஜர், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் போன்ற பெருந்துறைமுகங்கள் ஒன்றிய அரசின்கீழ் வருகின்றன. இவை பெரும்பாலும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் காவலில் இருக்கின்றன. வாயிலில் அனுமதிச் சீட்டு, வாகனச் சோதனை, கேமரா என்று எல்லாம் உண்டு. நாட்டிலுள்ள 200-க்கும் மேற்பட்ட மற்றத் துறைமுகங்கள் மாநிலங்களின் பொறுப்பு. தமிழகத்தில் கடல்சார் வாரியம் கவனிக்கிறது. அங்கெல்லாம் தரம் ஒரே சீராக இல்லை. விமான நிலையங்களுக்கு இருப்பதுபோலத் துறைமுகங்களுக்கும் தனிப் பாதுகாப்புப் பணியகம் ஒன்றை, 2025-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின்கீழ் அமைக்க ஒன்றிய அரசு முடிவெடுத்தது இதனால்தான்.

சென்னைத் துறைமுகச் சுவருக்கு வடக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. சுவரின் ஒரு பக்கம் ஒவ்வொரு லாரிக்கும் சீட்டு. மறுபக்கம் விடியற்காலை ஏலத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து போகிறார்கள். இரண்டுக்கும் கடல் ஒன்றே.

ஐஎஸ்பிஎஸ் என்பது என்ன?

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11-இல் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2002 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பு. 2004 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பன்னாட்டுப் பயணம் செய்யும் பயணிகள் கப்பலுக்கும் 500 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பலுக்கும், அவை வந்து நிற்கும் துறைமுகத்துக்கும் பொருந்தும். கப்பலில் ஒரு பாதுகாப்பு அதிகாரி, துறைமுகத்தில் ஒருவர், இருவரிடமும் எழுதிவைத்த திட்டம். பாதுகாப்பு நிலை மூன்று: வழக்கமானது, கூடுதல் எச்சரிக்கை, உடனடி ஆபத்து. எந்த நிலை என்பதை அரசு அறிவிக்கும். கடைசியாகத் தொட்ட பத்துத் துறைமுகங்களின் விவரத்தைக் கப்பல் வைத்திருக்க வேண்டும். கப்பலைச் செலுத்தும் அறையில் ஒரு மறைவான பொத்தானும் உண்டு. அழுத்தினால் கப்பலில் சத்தம் வராது, கரைக்கு மட்டும் செய்தி போகும்.

இந்த விதிகளின் பெயரால் பல துறைமுகங்களில் மாலுமிகளைக் கரையிறங்க விடாமல் மாதக்கணக்கில் கப்பலிலேயே அடைத்துவைக்கும் வழக்கம் வந்துவிட்டது. விதித்தொகுப்பு அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கன்டெய்னருக்குள் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தால் வணிகமே நின்றுவிடும். எனவே தாள்களைப் பார்த்துச் சலிக்கிறார்கள்: அனுப்பியவர் யார், எந்த வழியாக வந்தது, அந்தச் சரக்கை அந்த விலைக்கு அந்த ஊரிலிருந்து வரவழைப்பதில் பொருள் இருக்கிறதா? ஐயம் எழுந்தால் ஸ்கேனர், பிறகு திறப்பு. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் சிக்கியது. தாளில் எழுதியிருந்தது, ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரான் வழியாக வந்த டால்க் கல் என்று.

சரக்கே ஆபத்தாக முடியுமா?

முடியும். 2020 ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து நகரமே சிதைந்தது. அதே வாரம்தான், சென்னை மணலியில் 2015 முதல் பறிமுதலாகிக் கிடந்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் பற்றி நமக்குத் தெரியவந்தது. அவசர அவசரமாக ஏலம் விட்டு ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். குடியிருப்புக்குப் பக்கத்தில் ஐந்து ஆண்டுகள்! வழக்கு முடியட்டும் என்று கோப்பு காத்திருந்தது.

கப்பல்களில் தனியார் காவலர் ஆயுதம் வைத்திருக்கலாமா?

ஆயுதத்தோடு நம் கடலுக்குள் வந்தால் நம் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓகையோ' என்ற தனியார் காவல் கப்பல் ஆயுதங்களோடு பிடிபட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. அதிலிருந்த 35 பேருக்கும் 2016-இல் ஐந்தாண்டு தண்டனை. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விடுதலை செய்தது. இதற்கெல்லாம் முன்பே, 2012 பிப்ரவரியில், கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலின் கடற்படை வீரர்கள் கடற்கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் குமரி மாவட்டத்தவர்.

சாகர் கவாச் என்று சொல்லி கடற்கரையில் நடப்பது என்ன?

ஒத்திகை. போலீசாரே ஊடுருவல்காரர்போல வேடமிட்டு, மீன்பிடிப் படகில் ஒளிந்து கரையேறப் பார்ப்பார்கள். மற்ற அணி தடுக்க வேண்டும். மாநில அளவில் நடப்பது இது. 2019 முதல் கடற்படை நாடு தழுவி நடத்துவது 'சீ விஜில்'. பிடித்ததைப் படத்தோடு வெளியிடுகிறார்கள். எங்கே பிடிக்க முடியாமல் போனது என்பதை உரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் யாருக்குச் சொல்ல வேண்டும்?

தமிழகத்தில் 1093, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டணமில்லா எண். கடலில் உயிராபத்து என்றால் 1554. கடலோரக் காவல்படை எடுக்கும். படகில் வி.எச்.எஃப் வானொலிக் கருவி இருந்தால் 16-ஆம் சேனல்.

பார்த்த நேரம், இடம், படகு போன திசை, நிறம், எண்ணில் எத்தனை எழுத்துத் தெரிந்ததோ அத்தனை, ஆட்கள் எத்தனை பேர் என்பதைச் சொன்னால் போதும். பின்தொடர வேண்டாம். கரை ஒதுங்கிய பெட்டி, உருளை, பொட்டலம் எதையும் தொட வேண்டாம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் 'எம்எஸ்சி எல்சா 3' மூழ்கியபோது கன்டெய்னர்கள் கரை ஒதுங்கின. சிலவற்றில் ஆபத்தான வேதிப்பொருள்கள் இருந்ததால் மக்களைக் கிட்டப் போக வேண்டாம் என்று எச்சரித்தார்கள். குழந்தைகள் மணலில் விளையாடும் இடமாக இருந்தால் முதலில் அவர்களை அப்புறப்படுத்துங்கள், பிறகு அழையுங்கள்.